வேப்பேரியில் ஒரு நாலுகால் நோயாளி

சென்னையில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சம் இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயாளி தன் வியாதியைப் பற்றி ஒரு மகாபாரதமே சொல்லத் தயாராக இருப்பார். வேப்பேரியில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரி மட்டும் வேறு தினுசு. இங்கே நோயாளிகள் குரைப்பார்கள், கத்துவார்கள், கனைப்பார்கள், கொக்கரிப்பார்கள். ஆனால் எங்கே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். கூட வந்தவர்கள்தான் சொல்லவேண்டும். அவர்களுக்கோ பாதி சமாசாரம் தெரியாது. தெரிந்த பாதியைச் சொல்வதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொஞ்சம் யோசிப்பார். "மாட்டாஸ்பத்திரி" என்று சொல்லிப் பாருங்கள். மறு பேச்சில்லாமல் வண்டியைக் கிளப்பிவிடுவார். பேருக்குத்தான் மாட்டாஸ்பத்திரி. நான் போன அன்று வாசலில் காத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நாய் ஜாதி. மீதியில் இரண்டு பூனை, ஒரு வெள்ளாடு, அட்டைப் பெட்டிக்குள் ஒரு கிளி.

வேப்பேரிக்கு வழி

எழும்பூர் ரயில் நிலையத்தைத் தாண்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தால் வேப்பேரி வந்துவிடும். பழைய ஊர். 1742-இல் கர்நாடக நவாபு ஆங்கிலேயர்களுக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் இதுவும் ஒன்று. பெப்ரீஷியஸ் பாதிரியாரின் தமிழ் அகராதி 1779-இல் அச்சேறியது இந்த வேப்பேரியில்தான். அப்பேர்ப்பட்ட இடத்துக்கு இன்று ஜனங்கள் அகராதி தேடிப் போவதில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கல்லூரி தொடங்கியது 1903 அக்டோபர் முதல் தேதி. 'டாபின் ஹால்' என்ற சின்னக் கட்டடத்தில் இருபது மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் கால்நடை வைத்தியர் என்றால் மாட்டுக்கும் குதிரைக்கும்தான். வயலில் உழுவது மாடு, வண்டி இழுப்பது குதிரை. நாய்க்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? 1930-களின் நடுவில் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பட்டப் படிப்பு வந்தது. 1989-இல் கால்நடை மருத்துவத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் உண்டாகி, இந்தக் கல்லூரி அதன் கீழ் வந்தது.

நம் வாசகிகள் சந்தோஷப்படும்படியான செய்தி ஒன்றும் உண்டு. 1952-இல் இங்கே படித்துத் தேறிய சக்குபாய் ராமச்சந்திரன், இந்தியாவின் முதல் பெண் கால்நடை வைத்தியர்களில் ஒருவர். மாட்டுக் கொட்டிலில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்ட காலம் அது. இன்று இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு விரைந்து போகிறவர்களைப் பாருங்கள். பெண் குழந்தைகள் எத்தனை பேர்!

பெயர் என்ன?

வேப்பேரியைப் பற்றி எழுத வேண்டும் என்று போனவன் நான். போன இடத்தில் ஒரு பாட்டியம்மாளைப் பார்த்தேன்; அப்புறம் பதினொரு வாரம் அந்தப் பாட்டியின் நாயைப் பின்தொடர்ந்து போகும்படி ஆகிவிட்டது.

பாட்டிக்கு எழுபத்திரண்டு வயது. வீடு திருவல்லிக்கேணி. கூடப் பதினொரு வயதுப் பேரன். இருவருக்கும் நடுவே ஒரு பழைய தோசைமாவுக் கிரைண்டர் பலகை. அதன்மேல் மடித்த போர்வை. போர்வையின்மேல் செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய். வாயைச் சுற்றி ஒரு துணிப்பட்டி கட்டியிருந்தது. வலது பின்னங்கால் கோணலாகக் கிடந்தது. முதல் நாள் சாயங்காலம் தெருவைக் கடக்கும்போது வேகமாக வந்த வண்டி ஒன்று இடித்துவிட்டதாம்.

பலகையும் துணிப்பட்டியும் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் சொல்லிக் கொடுத்த யோசனை. நல்ல யோசனை. அடிபட்ட நாயைக் குழந்தையைத் தூக்குகிறமாதிரி வாரி எடுக்கக் கூடாது. ஒடிந்த எலும்பு உள்ளே சதையைக் கிழித்துவிடும். பலகையிலோ இறுகப் பிடித்த போர்வையிலோ மெதுவாக நகர்த்தி வைத்துத் தூக்கவேண்டும். எவ்வளவு சாதுவான நாயானாலும் வலியில் எஜமானையே கடித்துவிடும். அதனால்தான் வாய்க் கட்டு. மூச்சு விடச் சிரமப்பட்டாலோ வாந்தி எடுத்தாலோ மட்டும் கட்டக் கூடாது. அதையும் மீறிப் பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும்.

சீட்டு எழுதுகிறவர் கேட்டார்: "பெயர் என்ன அம்மா?"

பாட்டி பேரனைப் பார்த்தாள். பேரன் நாயைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நாயோட பேர்தான் கேட்கிறேன், சொல்லுங்க."

"டேய், நீ சொல்லேன்டா" என்றாள் பாட்டி.

"மணி" என்றான் பையன்.

எழுதுகிறவருக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கிற்று. பிறகு பாட்டியே சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன் தாத்தா காலமான வருஷம், மழைக்கு ஒதுங்கி இந்தக் குட்டி வாசலுக்கு வந்ததாம். அப்போது ஐந்து வயதுப் பிள்ளையான பேரன், அதன் கழுத்தில் ஒரு சின்ன மணியைக் கட்டி 'மணி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். தாத்தாவின் பெயரிலும் அந்த இரண்டு எழுத்து உண்டு. ஐம்பது வருஷம் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள், நாயைக் கூப்பிடுவதற்காகச் சொல்வாளா? ஆறு வருஷமாக, "அடே பயலே", "சமத்தே", "இங்கே வா" என்றே காலம் தள்ளியிருக்கிறாள்.

"ஆனால் பயல் அவன்தான், 'அது' இல்லை" என்று என்னைத் திருத்தினாள். நானும் இனி 'அவன்' என்றே எழுதுகிறேன்.

"நாட்டு நாய்க்கு இவ்வளவா?"

பரிசோதித்த டாக்டர் ஓர் இளம் பெண். காலைப் பார்ப்பதற்கு முன் மணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் ரத்த ஓட்டம் சரி. வெளுத்திருந்தால் உள்ளே ரத்தப் போக்கோ அதிர்ச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். மணியின் ஈறு வெளுத்திருந்தது. உடனே காலில் ஊசி குத்திக் குளூக்கோஸ் பாட்டில் மாதிரி ஒன்றை ஏற்றினார்கள். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சிறுநீர் போகிறதா என்று கவனிக்கச் சொன்னார்கள்.

"கால்தானே ஒடிந்திருக்கிறது? நெஞ்சை எதற்கு அம்மா படம் எடுக்கிறாய்?" என்று பாட்டி கேட்டாள்.

"ஒடிந்த கால் இரண்டு நாள் காத்திருக்கும், பாட்டி. நுரையீரலோ மூத்திரப் பையோ கிழிந்திருந்தால் அது காத்திருக்காது" என்றார் டாக்டர்.

நெஞ்சு பிழைத்தது. தொடை எலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைக்கவேண்டும். அதற்கு ஆகும் செலவும், வீட்டில் படவேண்டிய பாடும் எல்லாவற்றையும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். புண்ணில் சீழ் பிடித்து எலும்புக்கு ஏறினால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்பதையும் சொன்னார்.

அங்கே ஒரு பெரிய மனிதர், விலை உயர்ந்த நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரக்கமுள்ளவர்தான். "பாட்டி, நாட்டு நாய்க்கு இவ்வளவு எதற்கு? ஓர் ஊசியில் தூங்கப் பண்ணிவிடலாமே. அதுதான் புண்ணியம்" என்றார்.

பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. "விலை கொடுத்து வாங்கியிருந்தால் இவ்வளவுதான் பெறும் என்று கணக்குப் பார்க்கலாம். இவன் தானாக வந்தவன். எந்தக் கணக்கிலே எழுதுகிறது, சொல்லுங்கோ" என்றாள்.

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவர் தம் நாயின் காதைத் தடவிக் கொடுத்தார்.

காலை எடுப்பது என்றவுடன் பேரனுக்கு முகம் செத்துவிட்டது. அந்தச் சமயம் தெய்வமே அனுப்பினமாதிரி ஒரு காய்கறிக்கார அம்மாள் கறுப்புப் பெட்டை நாய் ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வந்தாள். அந்த நாய்க்குப் பின்னங்கால் ஒன்று அடியோடு இல்லை. அதைப்பற்றி அதற்கு ஞாபகம் இருந்ததாகவும் தெரியவில்லை! மூன்று காலில் குதித்துக் குதித்து வந்து, வெள்ளாட்டை முறைத்துவிட்டு, வராந்தாவில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

நாயின் உடல் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் நிற்கிறது என்று டாக்டர் விளக்கினார். அதனால் பின்னங்கால் ஒன்று போனாலும் பெரும்பாலான நாய்கள் சமாளித்துவிடுகின்றன. முன்னங்கால் போனால் சிரமம் அதிகம். அதையும் பல நாய்கள் பழகிக்கொள்கின்றன. "நம்மைப் போல் 'எனக்கு ஏன் இப்படி' என்று உட்கார்ந்து யோசிப்பதில்லை. அடுத்த வேளைச் சோறு எங்கே என்றுதான் யோசிக்கும்" என்றார்.

பாட்டி கையெழுத்துப் போட்டாள்.

தச்சு வேலை

மகாளய அமாவாசைக்கு முதல் நாள் ஆபரேஷன். முந்தின இரவே சாப்பாடு நிறுத்தம். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்பதற்காகத்தான் இந்தப் பட்டினி. மனிதர்களுக்கும் அதே விதிதான்.

உள்ளே நடந்ததைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊசி போட்டுத் தூங்க வைத்து, மூச்சுக் குழாயில் ஒரு ரப்பர் குழாயைச் செலுத்தி, அதன் வழியாக மயக்க வாயுவும் பிராணவாயுவும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். தொடையின் ரோமத்தை மழித்து, மருந்து தடவி, வெளிப்பக்கமாகக் கீறுவார்கள். சதைகளைக் கூடியவரையில் வெட்டாமல் விலக்கிக்கொண்டு எலும்பை அடைவார்கள். ஒடிந்த இரண்டு முனைகளையும் பொருத்தி, மேலே துருப்பிடிக்காத உலோகத் தகடு ஒன்றை வைத்து, துளை போட்டு, திருகாணிகளை முடுக்குவார்கள். சொல்லப்போனால் தச்சு வேலை. ஆனால் தச்சர் அறுக்கும் மரம் மூச்சு விடுவதில்லை. இங்கே ஒருவர் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வெளியே பாட்டி ஸ்தோத்திரம் முணுமுணுத்தாள். பேரன் வராந்தாத் தூண்களை எண்ணினான்; திரும்பவும் எண்ணினான்.

பிற்பகல் ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். மணி ஒரு மேஜையில் போர்வைக்குள் கிடந்தான். நாக்கு ஒரு பக்கம் தொங்கிற்று. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் அதில் பார்வை இல்லை. "கூப்பிடுங்கள், பாட்டி. பழகின குரல் காதில் விழுந்தால் நல்லது" என்றார் டாக்டர்.

"அடே பயலே" என்றாள் பாட்டி. அசைவில்லை. "சமத்தே... கண்ணைத் திற." அதற்கும் இல்லை. பேரன் வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது.

பாட்டி குனிந்து அவன் காதோரம் போய், "மணி" என்றாள். சற்றுப் பொறுத்து, கொஞ்சம் உரக்க, "மணி!"

போர்வைக்குள் வால் நுனி ஒரு தரம் அசைந்தது. மயக்கம் தெளிகிற நேரம் சரியாக வந்திருக்கும், குரலும் கேட்டிருக்கும். எது என்று பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கொலுவும் கூம்பும்

ஆஸ்பத்திரியின் வேலை அன்றோடு பெரும்பாலும் முடிந்தது. திருவல்லிக்கேணியின் வேலை அன்றுதான் ஆரம்பமாயிற்று.

நவராத்திரிக்குப் படி கட்டியிருந்த கூடத்தில், கழுத்தில் பெரிய கூம்பு ஒன்றை மாட்டிக்கொண்டு மணி வந்து இறங்கினான். தையல் போட்ட இடத்தை நக்கிப் பிரித்துவிடாமல் இருக்கத்தான் அந்தக் கூம்பு. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில் சீமாட்டிகள் கழுத்தைச் சுற்றி விசிறி மடிப்பாகத் துணி அணிவார்கள். அதன் ஞாபகமாக இதற்கு 'எலிசபெத் காலர்' என்றே வைத்தியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ராணி எப்படி நடந்தாளோ தெரியாது; மணி கதவு, நாற்காலி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டான். முதல் நாளே கூம்பு பட்டுச் செட்டியார் பொம்மை கவிழ்ந்தது. பாட்டி கொலுவை ஒரு படி மேலே தூக்கி வைத்தாளே தவிர, கூம்பைக் கழற்றவில்லை.

வீட்டில் அவள் செய்த ஏற்பாடுகளை ஒவ்வொரு இல்லத்தரசியும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மூலையைப் பலகையால் அடைத்தாள். அதுதான் மணியின் அறை. தரையோ வழவழவென்ற டைல்ஸ். ஒரு வழுக்கு வழுக்கினால் தகடே பெயர்ந்துவிடலாம். ஆகவே மூலையிலிருந்து வாசல் வரையில் கோணிச் சாக்கைத் தைத்து விரித்தாள். வெளியே போக வேண்டிய வேளைகளில், பழைய நூல் புடவை ஒன்றை நாலாக மடித்து, பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றின் அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டாள். பாரம் புடவையில், நடை நாயின் காலில். ஆயிரக்கணக்கில் விலை போட்டு இதற்கென்றே பட்டைகள் விற்கிறார்களாம். "இருபது வருஷப் புடவைக்கு இருக்கிற மெத்து அதற்கு ஏது?" என்றாள்.

மருந்து கொடுப்பது தனிக் கலை. இட்டிலிக்குள் மாத்திரையை வைத்தால், மணி இட்டிலியை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் தரையில் சுத்தமாக வைத்தான். தயிர்சாத உருண்டையிலும் அதே கதி. கடைசியில் தேங்காய்த் துருவலும் வெல்லமும் கொஞ்சம் வைத்த கொழுக்கட்டை பலித்தது. ஆனால் வீட்டில் நமக்கென்று வாங்கி வைத்திருக்கும் தலைவலி, காய்ச்சல் மாத்திரைகளை நாய்க்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. நம் வலியைத் தீர்ப்பது நாயின் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். அதேபோல் வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகாது. பாயசத்தில் போடும் திராட்சைகூட விஷம். நவராத்திரிப் பிரசாதம் என்று யாராவது அன்போடு ஊட்டிவிடப் போகிறார்களே என்று, பலகையின்மேல் பேரன் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினான்: 'எனக்குச் சாப்பாடு ஆயிற்று.'

தொட்டுப் பார்த்த உறவுக்காரர்கள், "ஐயையோ, ஜுரம்!" என்றார்கள். நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 101 முதல் 102½ டிகிரி வரையில் இருக்கும். நமக்குப் படுக்கையில் விழ வேண்டிய சூடு அதற்கு ஆரோக்கியம்!

டாக்டர் முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார். பாட்டி வீட்டில் முட்டை வாசற்படி ஏறியது கிடையாது. எதிர் வீட்டு அம்மாள் தினமும் ஒன்றை வேகவைத்துக் கொண்டுவந்து, தானே மணிக்கு ஊட்டிவிட்டு, கொலுவுக்கு ஒரு பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு போனாள். "பயலுக்கு ஒன்றும், அம்பாளுக்கு ஒன்றும் சரியாய்ப் போச்சு" என்று பாட்டி சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

விஜயதசமிக்கு மறுநாள் வேப்பேரியில் தையல் பிரித்தார்கள். புண் நன்றாக ஆறியிருந்தது. தொடைதான் அந்தப் பக்கம் மெலிந்து குச்சியாகிவிட்டது. உபயோகிக்காத சதை வெகு சீக்கிரம் கரையும். படுக்க வைத்து, காலை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சியை டாக்டர் காண்பித்தார். காலையில் பத்துத் தரம், மாலையில் பத்துத் தரம். பேரன் அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டான்.

குணமானது போல் ஒரு நாள்

மூன்றாவது வாரம் நான் போனபோது, மணி நாலு காலிலும் நின்றுகொண்டிருந்தான். ஒடிந்த கால் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. கூம்பு போய்விட்டது. என்னைக் கண்டதும் வால் ஆடிய வேகத்தில் பலகையே ஆடிற்று.

"குணமாகிவிட்டதே, பாட்டி!" என்றேன்.

"அதுதான் பயமாயிருக்கு" என்றாள்.

அவள் பயந்ததில் நியாயம் உண்டு. ஒடிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். பிறகு இரண்டு முனைகளையும் சுற்றி மெத்தென்ற ஓர் இணைப்பு வளரும். அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி, அது எலும்பாக இறுகுவதற்கு வாரக் கணக்கில் ஆகும். குட்டிகளுக்கு ஒரு மாதத்தில்கூடக் கூடிவிடும். வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதம். ஆனால் வலி முதலிலேயே போய்விடுகிறது. வலி போனதும் நாய் ஓடப் பார்க்கும், குதிக்கப் பார்க்கும். எலும்பு இன்னும் பாகு பதத்தில்தான் இருக்கிறது. பாரத்தைத் தாங்குவது தகடும் திருகாணியும். ஒரு தாவலில் திருகாணி பிடுங்கிக்கொள்ளலாம், தகடு வளையலாம். அப்புறம் முதலிலிருந்து எல்லாம். இரண்டாம் தடவை அவ்வளவு நன்றாகக் கூடும் என்று யாரும் உறுதி சொல்லமுடியாது.

அடிபட்ட அன்று எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். குணமானது போல் தோன்றும் நாளில்தான் வீட்டார் அசந்துபோகிறார்கள். "பாவம், எத்தனை நாள் அடைத்து வைப்பது? கொஞ்ச நேரம் விடுவோமே" என்று மனசு இளகும். அந்த இளக்கம்தான் பல கால்களைக் கெடுக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரியத்தைக் காட்டுவது சுலபம். பிரியத்தை அடக்கி வைத்துக்கொண்டு, கெஞ்சுகிற இரண்டு கண்களுக்கு முன்னால் பலகையைச் சாத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது, பத்தியச் சமையல் செய்து போட்ட பெண்களுக்குத் தெரியும்.

மணி முனகுவான். பேரன், "பாட்டி, ஒரே ஒரு தடவை" என்பான். பாட்டி பலகையின்மேல் கையை வைத்துக்கொண்டு, "கூடாது" என்பாள். பிறகு தானும் பலகைக்கு இந்தப் பக்கமே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். இருவருக்கும் சிறைதான்.

தீபாவளி வந்தது

ஐந்தாவது வாரம் தீபாவளி. வருஷா வருஷம் வெடிச் சத்தத்துக்குக் கட்டிலின் அடியில் ஓடி ஒளிகிறவன் மணி. நாயின் காது நம் காதைவிட எவ்வளவோ கூர்மை. மிரண்டு பலகையைத் தாண்டினான் என்றால் அவ்வளவுதான்.

பாட்டி பத்து நாள் முன்பே டாக்டரிடம் சொல்லி, அன்றைக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொண்டாள். தெருவில் வெடிச் சத்தம் குறைவாகக் கேட்கும் உள்ளறைக்கு மணியை மாற்றினாள். ஜன்னலில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டாள். மின்விசிறி ஒரு பக்கம், ரேடியோவில் நாதஸ்வரம் ஒரு பக்கம். பேரன் அந்த வருஷம் மத்தாப்பு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டான். அதையும் தெருக்கோடியில் போய்க் கொளுத்தினான்.

விடியற்காலை மூன்று மணியிலிருந்து பாட்டி அந்த அறையைவிட்டு வரவில்லை. எண்ணெய் ஸ்நானம் செய்துகொள்ளுங்கள் என்று மருமகள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாளாம். "கங்கா ஸ்நானம் எங்கேயும் ஓடிப் போயிடாது, இவன் ஓடினால்தான் வம்பு" என்று பதில் வந்ததாம். மணி அவள் மடியில் தலையை வைத்து நடுங்கிக்கொண்டே கிடந்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. பொழுது விடிந்து தெரு அடங்கியபோது, இருவரும் அப்படியே தூங்கிப் போயிருந்தார்கள்.

தீபாவளி கழிந்து பன்னிரண்டாம் நாள் வேப்பேரியில் மறுபடியும் எக்ஸ்ரே. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வெள்ளைக் கோடாகத் தகடு. முள் வரிசைபோலத் திருகாணிகள். ஒடிந்திருந்த கறுப்புக் கோட்டின்மேல் லேசான மேகம்போல ஏதோ படர்ந்திருந்தது.

"அந்த மேகம்தான் புது எலும்பு" என்றார் டாக்டர்.

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "இதைத்தானா ஆறு வாரமாகக் காவல் காத்தேன்? கையளவுகூட இல்லையே!" என்றாள். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் என்ன சொல்ல!

தகடு அப்படியே உள்ளே இருக்கலாம். தொந்தரவு கொடுக்காதவரையில் எடுக்கவேண்டியதில்லை. இனிமேல் கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்தலாம்: முதல் வாரம் தெருமுனை வரையில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம். உடம்பு பருக்க விடக் கூடாது. ஒவ்வொரு கூடுதல் கிலோவும் அந்தக் காலில்தான் ஏறும். ஓட்டமும் மாடிப்படியும் இன்னும் ஒரு மாதம் கழித்து.

யாருமில்லாதவர்கள்

மணிக்குப் பாட்டி இருந்தாள். இந்த நகரத்தில் அடிபடும் நாய்களில் பலவற்றுக்கு யாரும் இல்லை. அவற்றுக்காக யோசித்தவர்களும் இங்கே உண்டு. விமானியாக இருந்த கேப்டன் சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் 1959-இல் ஆரம்பித்த சேவைதான் 'புளூ கிராஸ்' என்ற பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. வேப்பேரி வராந்தாவிலும், முன்பின் தெரியாத தெரு நாயை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்த ஒரு கல்லூரிப் பையனைப் பார்த்தேன். சட்டையெல்லாம் ரத்தம். சீட்டில் பெயர் கேட்டபோது திகைத்தான், அப்புறம், "ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள் ஸார், பிழைத்தால் வைக்கிறேன்" என்றான்.

உங்களுக்கு வேப்பேரிக்குப் போகும் வேளை வராமலே இருக்கட்டும். வந்தால் பலகை, போர்வை, வாய்க் கட்டு, தடுப்பூசிச் சீட்டு ஆகிய நாலையும் மறக்காதீர்கள். ஆபரேஷன் நல்லபடி ஆயிற்று என்று டாக்டர் சொன்னதும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியைத் தாண்ட வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.

கார்த்திகைத் தீபத்தன்று திருவல்லிக்கேணியில் மாடிக்கு அகல்களை எடுத்துக்கொண்டு போனார்கள். மாடிப்படி ஏறலாம் என்று அந்த வாரம்தான் டாக்டர் உத்தரவு கொடுத்திருந்தார். மணி முன்னே போனான். ஏழாவது படியில் நின்றான். திரும்பிப் பாட்டியின் கையைப் பார்த்தான். வழக்கமாக வயிற்றடியில் வரும் அந்தப் பழைய புடவையைத் தேடுகிறான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"புடவை கிடையாது. ஏறுடா, மணி" என்றாள் பாட்டி.

மணி ஏறினான்.